பத்தாவது ஐங்கோணம்: இஸ்ஃபஹானின் கொத்தனார் கணக்கு

வணக்கம் மக்களே. இன்று கேமராவை மேசைக்கு மேலே தலைகீழாகக் கட்டியிருக்கிறேன். அதனால் என் முகத்தைவிட என் கைகளைத்தான் அதிகம் பார்க்கப் போகிறீர்கள். நகம் எல்லாம் பசை, கண்டுகொள்ளாதீர்கள்.

நடுவில் இருக்கும் நீல அட்டை ஒரு பத்துக்கோணம். அதன் பத்துப் பக்கங்களிலும் ஆளுக்கொரு ஐங்கோணம் ஒட்டி நிற்க வேண்டும். ஒன்பது வந்துவிட்டன. பத்தாவதை வைக்கிறேன், பாருங்கள்... உட்காரவில்லை. ஒரு ஓரம் பக்கத்து அட்டையின் மேல் ஏறி நிற்கிறது. நேற்று இரவு ஒரு மணி நேரம் இதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் கிடந்த பிளாஸ்டிக் கோணமானியை வைத்து 108 டிகிரி என்று நினைத்துக்கொண்டு ஏறத்தாழ 110-இல் வெட்டியிருக்கிறேன். பத்துக்கோணத்தின் ஒரு மூலை 144 டிகிரி. அதன் இரண்டு பக்கமும் ஐங்கோணங்களின் 108, 108. கூட்டினால் சரியாக 360. நான் வெட்டியதைக் கூட்டினால் 364. ஒரு மூலையில் நாலு டிகிரி கண்ணுக்கே தெரியாது. பத்து மூலை சுற்றி வருவதற்குள் தெரிந்துவிடுகிறது.

இது எதற்கு என்று கேட்பீர்கள். ஈரானியக் கட்டடக் கலையில் இதற்கு 'கிரே' என்று பெயர். பாரசீக மொழியில் முடிச்சு என்று அர்த்தம். பள்ளிவாசல் சுவரிலும் மரக் கதவிலும் செங்கல் முகப்பிலும் நட்சத்திரமும் கோடுமாகப் பின்னிக்கொண்டு போகுமே, அதுதான். பார்த்ததும் யாரோ பொறுமைசாலி ஒருவர் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு கோடாக இழுத்திருக்கிறார் என்றுதான் தோன்றும். ஆனால் அடியில் ஐந்தே துண்டுகளை வைத்து இந்த மாதிரிப் பின்னல்களை உண்டாக்கிவிடலாம். பத்துக்கோணம், ஐங்கோணம், நீட்டிய அறுகோணம், சாய்சதுரம், அப்புறம் நடுவில் இடுப்பு ஒடுங்கிய இந்தத் துண்டு. இதற்குப் பாரசீகத்தில் 'சுர்மேதான்', அதாவது மைச்சிமிழ். எனக்கு ஐந்திலும் பிடித்த பெயர் இது.

ஐந்துக்கும் பக்க நீளம் ஒன்றே. கோணங்கள் எல்லாம் 36-இன் மடங்குகள். ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியிலும் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும், 72, 108 டிகிரியில். அதனால் எந்தத் துண்டை எதன் பக்கத்தில் வைத்தாலும் கோடு அறுந்து போகாமல் அடுத்த துண்டுக்குள் போய்விடும். சுவரில் கடைசியில் தெரிவது அந்தக் கோடுகள் மட்டும்தான். துண்டுகளின் ஓரம் மறைந்துவிடும்.

சரி, என் அட்டைக்கு வருவோம். இதே சங்கடம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. அபுல் வஃபா பூஸ்ஜானி, 940-இல் குராசானில் பிறந்தவர், பாக்தாதில் வேலை செய்த கணித மேதை. கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவியலை மட்டும் தொகுத்து ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு காட்சி வருகிறது. கணிதக்காரர்களும் கைவினைஞர்களும் ஒரே இடத்தில் கூடியிருக்கிறார்கள். ஒரே அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டி ஒட்டி ஒரே பெரிய சதுரமாக்க வேண்டும். கணிதக்காரர்கள் பக்க நீளம் எவ்வளவு என்று நிரூபித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எங்கே வெட்டுவது என்று சொல்லவில்லை. கைவினைஞர்களுக்கு அது போதாது. அவர்கள் வெட்டியே காட்டுகிறார்கள், ஆனால் சில வழிகள் கண்ணுக்குச் சரி, கணக்குக்குத் தப்பு.

அபுல் வஃபா காட்டிய வழி இதோ, மூன்று காகிதச் சதுரங்கள். இரண்டை மூலைவிட்டத்தில் வெட்டினால் நாலு முக்கோணங்கள். மூன்றாவது சதுரத்தை நடுவில் வைத்து, காற்றாடி இறக்கை மாதிரி முக்கோணங்களைச் சுற்றி வைக்கிறேன். முக்கோணத்தின் நீளமான பக்கம் சதுரத்தின் பக்கத்தோடு சேர வேண்டும், ஒரு கூர்முனை சதுரத்தின் மூலையில் நிற்க வேண்டும். இப்போது நாலு முக்கோணங்களின் செங்கோண முனைகளையும் கோடு போட்டு இணைக்கிறேன். வெளியே துருத்தும் துண்டுகளை வெட்டினால் உள்ளே இருக்கும் பள்ளங்களில் அப்படியே உட்காருகின்றன. முடிந்தது. வெட்டவும் முடிகிறது, நிரூபிக்கவும் முடிகிறது. நான் நேற்று இரவு 'கண்ணுக்குச் சரி' கூட்டத்தில் இருந்திருக்கிறேன்.

இதை அலங்காரம் என்று மட்டும் நினைத்தால் பாதிதான் புரியும். அந்த ஊர்க் கொத்தனாருக்கு வடிவியல் முதலில் தேவைப்பட்டது கூரை போடத்தான். ஈரானின் நடுப்பகுதியில் நல்ல மரம் அரிது, மண்ணும் செங்கல்லும்தான் தாராளம். அகலமான அறைக்கு உத்தரம் கிடைக்காது, அதனால் வளைவும் குவிமாடமும். அறை சதுரம், குவிமாடம் வட்டம். இதோ, சதுரத்துக்குள் வட்டம் வரைந்தால் நாலு மூலையிலும் இடம் மிஞ்சுகிறது, மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 21 பங்குக்கும் மேல். குவிமாடத்தின் விளிம்பு அங்கே எதன் மேல் உட்காரும்?

ஈரானின் ஃபீரூஸாபாத்தில் சாசானிய அரசர் முதலாம் அர்தஷீரின் அரண்மனை இருக்கிறது, மூன்றாம் நூற்றாண்டு. அங்கேயே பதில் கிடைக்கிறது. ஒவ்வொரு மூலைக்கும் குறுக்கே ஒரு சின்ன வளைவு. நாலு மூலைக்கு நாலு வளைவு போட்டதும் சதுரம் மேலே எண்கோணமாகிவிடுகிறது. எண்கோணத்தின் மூலைகளை இன்னொரு முறை அதே மாதிரி மழுக்கினால் பதினாறு பக்கம். பதினாறிலிருந்து வட்டத்துக்குப் போவது பெரிய தாவல் இல்லை. நாலு, எட்டு, பதினாறு, வட்டம். பிறகு வந்த நூற்றாண்டுகளின் ஈரானியக் குவிமாடங்களில் பலவும் இந்த ஏணியில் ஏறியவைதான்.

இதில் ஒரு குறும்புக்காரக் குவிமாடம் உண்டு. ஈரானின் இஸ்ஃபஹான் நகரத்து ஜாமே பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். போக வேண்டும் என்றால் வரைபடத்தில்தான், நான் இன்னும் நேரில் போனதில்லை. செல்ஜுக் சுல்தான் மலிக் ஷாவின் அமைச்சர் நிஸாமுல் முல்க் 1086-87-இல் தெற்குக் குவிமாடத்தைக் கட்டினார். அவருக்குப் போட்டியாளரான தாஜுல் முல்க் 1088-89-இல் வடக்கே ஒன்று கட்டினார். அளவில் இது சின்னது. பொறாமைக்குக் கட்டியதாகவே இருக்கட்டும், என் ஓட்டு இதற்குத்தான்.

காரணம், கீழே நாலு, எட்டு, பதினாறு என்று ஒழுங்காக ஏறி வந்துவிட்டு, குவிமாடத்தின் உட்புறத்தில் செங்கல் விலா வரிகளால் ஒரு ஐமுனை நட்சத்திரத்தைப் போட்டிருக்கிறார்கள். ஐந்து! பதினாறை ஐந்தால் வகுத்தால் மீதி வரும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன. கீழே உள்ள மூலைகளோடு மேலே உள்ள முனைகள் ஒத்துப்போகாது, ஆனாலும் நடுவில் நின்று அண்ணாந்து எடுத்த படத்தைப் பார்த்தால் எங்கேயும் இடறவில்லை. தெரிந்தே சிக்கலை வரவழைத்து அவிழ்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த வருடங்களில் இஸ்ஃபஹானில் மலிக் ஷாவின் வானியல் வேலையில் இருந்தவர் உமர் கய்யாம். நாம் கவிஞர் என்று அறிந்த அதே ஆள், முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வளைவுகளால் தீர்த்தவர். அவருக்கும் இந்தக் குவிமாடத்துக்கும் தொடர்பு உண்டு என்று கட்டடக் கலை வரலாற்றாளர் அல்பாய் ஒஸ்துரல் வாதிட்டார். எழுத்துச் சான்று எதுவும் இல்லை, வாதம்தான். எனக்கு அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஆசை சான்றாகாது, அதனால் கீழே கமெண்டில் யாரும் 'கய்யாம் கட்டிய குவிமாடம்' என்று எழுதிவிடாதீர்கள்.

தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அப்புறம் அதே ஊரில் ஐந்நூறு வருடம் தாண்டி வந்தால் நக்‌ஷே ஜஹான் மைதானம். முதலாம் ஷா அப்பாஸ் காலம். ஏறத்தாழ 560 மீட்டர் நீளம், 160 மீட்டர் அகலம். இங்கே வேறு மாதிரி ஒரு சிக்கல். மைதானம் ஏறத்தாழ வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. மக்கா இருப்பது தென்மேற்கில். மைதானத்தின் ஓரம் கோணாமல் இருக்க வேண்டும், தொழுகைக் கூடம் கிப்லாவை, அதாவது மக்காவின் திசையைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று ஏறத்தாழ 45 டிகிரி முரண்டு பிடிக்கின்றன.

கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசலை எடுங்கள். 1603-இல் தொடங்கி 1619-இல் முடிந்தது. மினாரும் கிடையாது, முற்றமும் கிடையாது. மைதானத்தில் நின்று பார்த்தால் குவிமாடம் வாசலுக்கு நேர் பின்னால் இல்லாமல் வலப்பக்கம் தள்ளி நிற்கும். முதல் தடவை படம் பார்த்தபோது புகைப்படக்காரர் கோணலாக எடுத்துவிட்டார் என்றே நினைத்தேன்! வாசலுக்குள் நுழைந்தால் நேராகக் கூடம் வராது, மங்கலான ஒரு நடை வரும். அது ஒரு திருப்பம் திரும்பி, கூடத்தைச் சுற்றிக்கொண்டு போய், இன்னொரு திருப்பத்தில் உங்களை உள்ளே விடும். உள்ளே காலெடுத்து வைக்கும்போது மிஹ்ராப், அதாவது தொழும் திசையைக் காட்டும் சுவர் மாடம், உங்களுக்கு நேர் எதிரே இருக்கும். வெயிலிலிருந்து வந்தவர் இருட்டில் திசையை மறந்திருப்பார், 45 டிகிரியை எங்கே விட்டோம் என்று தெரியாது.

கூடத்துக்குள் பழைய ஏணியையும் மாற்றிவிட்டார்கள். மூலை வளைவு என்றால் சுவர் முடிந்த பிறகு மேலே தொடங்குவதுதானே வழக்கம். இங்கே நாலு மூலைகளிலும் நாலு சுவர்களிலுமாக எட்டுப் பெரிய வளைவுகள், பச்சை நீலக் கயிறு முறுக்கியது போன்ற விளிம்போடு தரையிலிருந்தே எழுகின்றன. சதுர அறைக்குள் நிற்கிறோம் என்ற உணர்வே போய்விடுகிறது. மேலே குவிமாடத்தின் உட்புறத்தில் எலுமிச்சை வடிவக் கட்டங்கள், உச்சியை நோக்கிப் போகப் போகச் சின்னதாகிக்கொண்டே.

மிஹ்ராபில் ஒரு கையெழுத்து இருக்கிறது: முகம்மது ரேஸா, உஸ்தாத் ஹுசைன் பன்னாவின் மகன், இஸ்ஃபஹான்காரர். பன்னா என்றால் கொத்தனார்.

முகர்னஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அந்தத் தேன்கூடு போன்ற தொங்கும் அடுக்குகள். ஈரானின் தக்தே சுலைமான் என்ற இடத்து அகழாய்வில் ஏறத்தாழ அரை மீட்டர் அகலமுள்ள ஒரு சாந்துப் பலகை கிடைத்தது, பதின்மூன்றாம் நூற்றாண்டு. அதில் கீறியிருப்பது ஒரு முகர்னஸ் கூரையின் கால்வாசித் தரைப்படம் மட்டும். உயரம் எதுவும் குறிக்கவில்லை. வேலை தெரிந்தவருக்கு அந்தக் கால்வாசி போதும், மீதி முக்காலையும் உயரத்தையும் அவரே எழுப்பிக்கொள்வார். காஷான் ஊர்க்காரரான ஜம்ஷீத் அல்காஷி, பை (π) எண்ணை 16 தசம இடங்களுக்குக் கணக்கிட்டவர், 1427-இல் முடித்த தன் எண்கணித நூலில் முகர்னஸின் பரப்பை அளக்க வழி சொல்லியிருக்கிறார்.

கடைசியாகத் தர்பே இமாம். இதுவும் இஸ்ஃபஹானில்தான், 1453. அதன் முகப்பு வளைவில் பெரிய கிரேக்குள் அதே துண்டுகளால் ஆன சின்ன கிரே. 2007-இல் இயற்பியலாளர்கள் பீட்டர் லூவும் பால் ஸ்டைன்ஹார்ட்டும் இதை ஆராய்ந்து, 1970-களில் கணிதக்காரர் ரோஜர் பென்ரோஸ் கண்டுபிடித்த திரும்ப வராத தள அமைப்போடு ஏறக்குறையப் பொருந்துகிறது என்று எழுதினார்கள். 3700 பென்ரோஸ் துண்டுகளாக மாற்றி வரைந்து பார்த்ததில் பொருந்தாதவை 11 இடங்கள்தான். உடனே 'ஐந்நூறு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று தலைப்புகள். எனக்கு அந்தத் தலைப்புகள் பிடிப்பதில்லை. பென்ரோஸை முந்த வேண்டும் என்று அந்தக் கொத்தனார் கிளம்பவில்லை. தூரத்தில் நின்றாலும் ஒரு பின்னல், கிட்டே வந்தாலும் ஒரு பின்னல் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார், செய்துவிட்டார். அதற்கு அதற்குரிய மரியாதை போதும்.

சரி, கோணமானியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இன்று காலை கவராயமும் ஸ்கேலும் மட்டும். ஒரு வட்டம், ஒரு விட்டம், அதற்குச் செங்குத்தாக ஒரு ஆரம். விட்டத்தின் ஒரு பாதியின் நடுப்புள்ளியில் ஊசியை ஊன்றி, செங்குத்து ஆரத்தின் உச்சியிலிருந்து விட்டத்தின் மறுபாதியை வெட்டும்படி ஒரு வில். அந்த வெட்டுப்புள்ளியிலிருந்து உச்சிவரை இருக்கும் தூரம் அந்த வட்டத்துக்கான ஐங்கோணப் பக்கம், மையம்வரை இருக்கும் தூரம் பத்துக்கோணப் பக்கம். ஒரே வில்லில் இரண்டும். ஐங்கோணத்தின் மூலையை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, பக்கத்தை மட்டும் பத்துக்கோணத்தின் அளவுக்குக் குறைத்துப் பத்துத் துண்டுகள் புதிதாக வெட்டியிருக்கிறேன்.

ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது... இருங்கள், கொஞ்சம் நகம் வைத்துத் தள்ளுகிறேன். உட்கார்ந்துவிட்டது. இப்போது வெளி ஓரத்தைப் பாருங்கள், இரண்டு ஐங்கோணங்கள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பள்ளம். 360-இல் 216 போக 144. இன்னொரு பத்துக்கோணத்தின் மூலை அப்படியே உள்ளே போகும். நீல அட்டை தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய் வாங்கி வருகிறேன்.