காட்ஸில்லா பறக்கலாமா? 1971 ஹெடோரா படத்தைப் பற்றி ஓயாத சண்டை

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குக் கொஞ்சம் வம்பான விஷயம். 1971 ஜூலை 24 அன்று ஜப்பானில் வெளியான 'காட்ஸில்லா எதிர் ஹெடோரா'. டோஹோ நிறுவனத்தின் படம். கைஜு, அதாவது ஜப்பானிய ராட்சதப் பூதப் படங்களின் பிரியர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் இந்தப் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தொடரிலேயே உருப்படாதது இதுதான் என்பார் ஒருவர். 1954-இல் வந்த முதல் படத்துக்கு அப்புறம் சொல்வதற்கு ஏதோ இருந்த படம் இதுதான் என்பார் மற்றவர். பரவாயில்லை, சுமார் என்று சொல்லி நகர்கிறவர்கள் குறைவு.

பார்க்காதவர்களுக்காகக் கதை. விண்வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று சுருகா விரிகுடாவில் தொழிற்சாலைக் கழிவைத் தின்று வளர்கிறது. முதலில் தலைப்பிரட்டை மாதிரி நீந்துகிறது, அப்புறம் கரையேறித் தவழ்கிறது, அப்புறம் கந்தக அமிலத்தைத் தூவிக்கொண்டு பறக்கிறது, கடைசியில் இரண்டு காலில் எழுந்து நிற்கிறது. அதுதான் ஹெடோரா. ஆலைப் புகைபோக்கியில் வாயை வைத்து ஹூக்கா மாதிரி இழுக்கும் ஒரு காட்சி இருக்கிறது பாருங்கள், அதற்காகவே நான் இந்தப் படத்துக்குப் பாதி மதிப்பெண் போட்டுவிடுவேன். எதிர்த்து நிற்பது காட்ஸில்லா. கென் என்ற சிறுவன், அவனுடைய விஞ்ஞானி அப்பா, சில இளைஞர்கள், இவர்கள்தான் மனிதர்கள் பக்கம்.

சரி, எல்லாரும் முதலில் எடுக்கும் குறைக்கு வருவோம். காட்ஸில்லா பறக்கிறது! வாலை மடக்கி, தரையைப் பார்த்து நெருப்பை ஊதி, அந்த உந்துதலில் பின்பக்கமாகவே வானத்தில் போகிறது. பூதங்களின் 'ராஜா'வை இப்படிக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டார்களே என்று ஐம்பது வருஷத்துக்கும் மேலாகப் புலம்பல். இயக்குநர் யோஷிமிட்சு பான்னோ பின்னாளில் இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார்: படம் ரொம்ப இருண்டு போய்விட்டது, குழந்தைகளுக்குக் கொஞ்சம் இலேசாக ஏதாவது வேண்டியிருந்தது. எனக்கு இந்தக் காட்சியில் பெரிய வருத்தம் இல்லை. இன்னொரு படத்தொடரின் பூதமான கமேரா என்ற ராட்சத ஆமை 1965-லிருந்து கால் ஓட்டையில் தீ கக்கிச் சுழன்று பறக்கிறது, அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. காட்ஸில்லா ஒரு தடவை பறந்தால் குடியா மூழ்கிவிடும்?

ஆனால் பான்னோ சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். படம் ரொம்ப இருண்டு போய்விட்டது என்கிறார். என்னைக் கேட்டால், பேச வேண்டியது அதைத்தான். பறக்கிற காட்சியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் படத்தில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் காட்ஸில்லா படங்களில் சாவு கண்ணுக்குத் தெரியாது. பொம்மைக் கட்டடம் நொறுங்கும், கூட்டம் ஓடும், அவ்வளவுதான். இங்கே ஹெடோரா மேலே பறந்து போனால் கீழே மனிதர்கள் உருகி எலும்புக்கூடாகக் கிடக்கிறார்கள். ஓர் அறையில் மாஜோங் என்ற கட்டை ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் நாலு பேர். ஜன்னலை உடைத்துக்கொண்டு சகதி வந்து விழுகிறது, ஆட்டம் முடிந்தது. சகதியில் ஊறிப்போன பூனைக்குட்டி ஒன்று உயிரோடு கத்துகிறது. காட்ஸில்லாவுக்கே ஒரு கண் போகிறது, கை எலும்பு வரை வெந்து போகிறது. இத்தனையும் எங்கே திரையிடப்பட்டது தெரியுமா? கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக டோஹோ நடத்திய 'சாம்பியன் மட்சுரி' விழாவில்!

இது குழந்தைப் படமா, திகில் படமா, போதையில் எடுத்த படமா என்று முதல் தடவை பார்க்கிறவர்கள் குழம்புவது நியாயம்தான். நடுநடுவே கார்ட்டூன் துண்டுகள். திரை பல கட்டங்களாகப் பிரிகிறது. இரவு விடுதியில் ஆடிக்கொண்டிருப்பவர்களின் தலைகள் திடீரென்று மீன் தலைகளாகின்றன. பான்னோவுக்கு இதுதான் முதல் கதைப்படம். அதற்கு முன்னால் பெரிய இயக்குநர் அகிரா குரோசாவாவிடம் உதவி இயக்குநராக இருந்தவர், 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் மிட்சுபிஷி அரங்கத்துக்கும் வேலை செய்தவர். அந்தக் கண்காட்சி வித்தைகளில் பல இங்கே வந்துவிட்டன என்று நினைக்கிறேன். எல்லாம் ஒட்டுகிறதா என்றால், இல்லை. ஆனால் ஒட்டாமல் இருப்பது எனக்கு உறுத்தவில்லை. ஏன் என்றால், அந்த ஜூலை மாதத்து ஜப்பானைக் கொஞ்சம் பாருங்கள்.

1971 ஜூன் 30. காட்மியம் கலந்த ஆற்று நீரால் எலும்பு நொறுங்கி அவதிப்பட்ட மக்கள் தொடுத்த இதாய்-இதாய் நோய் வழக்கில், டொயாமா நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. அடுத்த நாள், ஜூலை 1, ஜப்பான் அரசு சுற்றுச்சூழலுக்கென்று தனித் துறையைத் தொடங்குகிறது. மூன்று வாரம் கழித்து இந்தப் படம் வருகிறது. தொடக்கத்திலேயே ஒரு பாட்டு, பாடியவர் கெய்கோ மாரி. பாதரசம், கோபால்ட், காட்மியம் என்று உலோகங்களை வரிசையாக அடுக்கிவிட்டு, சூரியனைத் திருப்பிக் கொடு என்று கேட்கிறது பாட்டு. காட்மியம் அப்போது செய்தித்தாளில் தலைப்புச் செய்தி. பாதரசம் என்றால் மினமாட்டா, ஆலைக் கழிவின் பாதரசம் மக்களை நரம்பு நோயில் தள்ளிய ஊர், அதைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று. முந்தைய ஆண்டு, 1970 ஜூலையில், டோக்கியோவின் சுகினாமி பகுதியில் பள்ளி மைதானத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த மாணவிகள் புகைமூட்டத்தால் சுருண்டு விழுந்தார்கள். படத்தில் ஹெடோரா பள்ளிக்கு மேலே பறக்கும்போது அப்படியே ஒரு காட்சி வருகிறது. கதை நடக்கிற சுருகா விரிகுடாவும் சும்மா பிடித்த இடம் இல்லை. அங்கே தகோனௌரா துறைமுகத்தில் காகித ஆலைக் கசடு படிந்து மக்கள் போராடியது அப்போதுதான். ஆக, தியேட்டரில் உட்கார்ந்திருந்த பெற்றோர் இதைக் கற்பனைப் பூதமாக மட்டும் பார்த்திருக்க முடியாது. நமக்குத்தான் இன்றைக்கு அது கோமாளித்தனமாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் டப்பிங் செய்து 'ஸ்மாக் மான்ஸ்டர்' என்ற பெயரில் ஓட்டினார்கள். 1978-இல் வந்த 'உலகின் மிக மோசமான ஐம்பது படங்கள்' புத்தகத்தில் இதுவும் ஒன்று. அந்தக் கெட்ட பெயர் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருந்தது, இப்போது தலைகீழாகக் கொண்டாடுகிறவர்களும் நிறைய.

கொண்டாடுகிறவர்களோடும் எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. கடைசிச் சண்டை நீளம், ரொம்ப நீளம். இருட்டில் இரண்டு ரப்பர் உடைகள் மெதுவாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பதைக் 'கலை' என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரிச்சிரோ மனாபேயின் இசையில் காட்ஸில்லா வரும்போது ஒலிக்கும் அந்தத் தள்ளாடுகிற ஊதுகுழல் சத்தம், ஐயோ! முதல் படத்துக்கு இசையமைத்த இஃபுகுபேயின் இசையில் வளர்ந்த ரசிகர்கள் இதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டால் நான் அவர்கள் கட்சி. பட்ஜெட் குறைவு, சுமார் 35 நாளில் ஒரே குழு கதையையும் தந்திரக் காட்சிகளையும் சேர்த்து எடுத்தது, அதெல்லாம் தெரியும். தெரிந்தாலும் கொட்டாவி வரத்தானே செய்கிறது.

ஹெடோரா உடைக்குள் இருந்த கென்பச்சிரோ சட்சுமாவுக்கு மட்டும் ஒரு கும்பிடு. படப்பிடிப்பு நடக்கும்போதே குடல்வால் ஆபரேஷன் ஆயிற்று மனிதருக்கு. பிற்பாடு 1984-லிருந்து 1995 வரை காட்ஸில்லாவாகவே நடித்தவரும் அவர்தான்.

இளைஞர்கள் காட்சியையும் சொல்லியாக வேண்டும். ஃபுஜி மலையடிவாரத்தில் பத்து லட்சம் பேரைக் கூட்டிக் கொண்டாட்டம் நடத்தப்போவதாக அறிவிக்கிறார்கள். வந்து சேர்வதோ நூறு பேர் தேறும். பூதம் வருகிறது, தீப்பந்தத்தை எறிகிறார்கள், சாகிறார்கள். இளைஞர்களைக் கிண்டல் செய்கிறது படம் என்று சிலருக்குக் கோபம். எனக்கு அது கிண்டலாகத் தெரியவில்லை. ராணுவம் மட்டும் என்ன கிழித்துவிட்டது? பூதத்தை உலர்த்த ராட்சத மின்முனைகளைக் கட்டிவிட்டு, சரியான நேரத்தில் மின்சாரம் இல்லாமல் நிற்கிறார்கள். காட்ஸில்லாதான் நெருப்பை ஊதி அந்த மின்முனைகளை இயங்க வைக்கிறது. வேலை முடிந்ததும் அங்கே நிற்கிற மனிதர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறது. குழந்தைகளின் நண்பன் ஆகிவிட்டது, பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்று குறைப்படுகிறவர்கள் அந்தப் பார்வையை நிறுத்திப் பாருங்கள்.

தயாரிப்பாளர் தோமோயுகி தனாகா அப்போது மருத்துவமனையில் இருந்தார். வெளியே வந்து படத்தைப் பார்த்துவிட்டு, காட்ஸில்லாவைக் கெடுத்துவிட்டாய் என்று பொரிந்ததாகக் கதை உண்டு. கதை எப்படியோ, பான்னோ அதற்கப்புறம் காட்ஸில்லா படம் எதையும் இயக்கவில்லை. ஆனால் மனிதர் விடவில்லை. வயதான காலத்தில் ஐமேக்ஸுக்காகக் காட்ஸில்லா குறும்படம் ஒன்று எடுக்க அலைந்தார். அது நடக்கவில்லை. அந்த முயற்சிதான் சுற்றி வளைத்து 2014-இல் வந்த ஹாலிவுட் காட்ஸில்லாவில் போய் முடிந்தது, அதில் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராக அவர் பெயர் இருக்கிறது. 2017-இல் காலமானார்.

பார்க்கப் போகிறவர்கள் ஜப்பானிய மொழியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள், டப்பிங் வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அடுத்த வாரம் மோத்ரா என்ற ராட்சத அந்துப்பூச்சி.