கடிகாரம் யார் கையில்? 1833 ஆலைச் சட்டம் பற்றி ஒரு நேயரின் கேள்வி

போன உரையைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் எழுதியிருந்தார். கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "இங்கிலாந்தில் 1802-லேயே ஆலைக் குழந்தைகளுக்காகச் சட்டம் வந்துவிட்டது, 1819-ல் இன்னொன்று வந்தது, அப்புறம் 1833 சட்டத்தை மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறீர்கள்? இதெல்லாம் சில பிரபுக்களின் கருணையால் நடந்ததுதானே?" என்கிறார். உண்மையில் இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. முதலில் சட்டத்துக்கு வருகிறேன், கருணைக்கு அப்புறம் போகலாம்.

1802 சட்டத்தைக் கொண்டுவந்தவர் ராபர்ட் பீல், அவரே பஞ்சாலை முதலாளி. ஆலையில் பயிற்சிக்கு என்று ஒப்படைக்கப்பட்ட ஏழைக் குழந்தைகள் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது அது. 1819-ல் பஞ்சாலைகளில் 9 வயதுக்குக் கீழ் யாரும் கூடாது, 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு 12 மணி நேரம்தான் என்றார்கள். படித்தால் நல்ல சட்டம்தான். யார் போய்ப் பார்ப்பது? 1802 சட்டப்படி உள்ளூர் நீதிபதிகள் நியமிக்கிற பார்வையாளர்கள் பார்க்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, வேறு வேலை இருக்கிறவர்கள், அந்த வட்டாரத்திலேயே வாழ்கிறவர்கள். 1819 சட்டத்திலும் அரசு சம்பளம் கொடுத்து வைத்த ஆய்வாளர் என்று ஒருவர்கூட இல்லை. தன் விடைத்தாளை மாணவனே திருத்திக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டது. நான் எப்போதும் சொல்வதுதான், பழைய நேயர்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும், திரும்பவும் சொல்கிறேன்: எத்தனை மணி நேரம் என்று சட்டம் எழுதினால் போதாது, அந்தக் கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

கடிகாரம் என்று நிஜமாகவே கடிகாரத்தைத்தான் சொல்கிறேன். 1832-ல் மைக்கேல் சாட்லர் தலைமையில் நாடாளுமன்றக் குழு ஒன்று ஆலைத் தொழிலாளர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. அதில் எலிசபெத் பென்ட்லி என்ற 23 வயதுப் பெண் சாட்சி சொன்னார். லீட்ஸ் நகரத்தில் ஆறு வயதில் ஆலைக்குப் போனவர், வேலை மும்முரமான காலத்தில் காலை 5 மணியிலிருந்து இரவு 9 மணி வரை வேலை. வீட்டில் கடிகாரம் இருந்ததா என்று கேட்கிறார்கள், இல்லை என்கிறார். அவர் அம்மா இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து, சுரங்க வேலைக்குப் போகிறவர்களின் சத்தம் கேட்டால் வெளியே ஓடி மணி என்ன என்று அவர்களிடம் கேட்பாராம். சில நாள் கொட்டுகிற மழையில் இரண்டு மணிக்கே கிளம்பிப் போய், ஆலை திறக்கும் வரை வெளியே நின்றதாகச் சொல்கிறார். தாமதமாகப் போனால் அடி விழும், அந்தப் பயம். இந்த வாக்குமூலத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்தக் குடும்பத்திடம் நேரம் என்பதே கிடையாது, நேரம் முழுக்க ஆலைக்காரரிடம் இருந்தது. அந்தக் காலத்துத் தொழிலாளர்கள் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள்: ஆலைக் கடிகாரத்தைக் காலையில் முன்னால் தள்ளி வைப்பார்கள், சாயங்காலம் பின்னால் இழுத்து வைப்பார்கள், தொழிலாளி கையில் கடிகாரம் வைத்திருக்கவே பயப்பட வேண்டும்.

சரி, 1833-க்கு வருகிறேன். 9 வயதுக்குக் கீழ் கூடாது, பட்டு ஆலைகளுக்கு மட்டும் விலக்கு. 9 முதல் 13 வரை வாரத்துக்கு 48 மணி நேரம், 13 முதல் 18 வரை 69. சின்னக் குழந்தைகளுக்கு தினமும் 2 மணி நேரம் படிப்பு. இதெல்லாம் இருக்கட்டும், முக்கியமானது அந்த நான்கு ஆய்வாளர்கள்தான். அரசு சம்பளத்தில், உள்ளூருக்குக் கட்டுப்படாத நான்கு பேர், ஆலை இயங்கும்போது உள்ளே நுழையும் உரிமையோடு. நாடு முழுக்க நான்கு பேர் எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். போதவே இல்லை, கீழே உதவியாளர்கள் இருந்தும் போதவில்லை. ஆனால் அவர்கள் அறிக்கை எழுதினார்கள், அது அச்சாகி நாடாளுமன்றத்துக்குப் போனது. லியோனார்ட் ஹார்னர் என்பவர், அடிப்படையில் நிலவியல் அறிஞர், கால் நூற்றாண்டுக்கு மேல் இந்த வேலையைப் பார்த்தார். ஆறு மணிக்கு முன்னால் ஐந்து நிமிடம், சாப்பாட்டு வேளையில் ஐந்து நிமிடம் என்று சுரண்டி எடுப்பதை ஆய்வாளர்கள் விடாமல் எழுதினார்கள். தினம் ஐந்து நிமிடம்தானே என்று தோன்றும். வாரம் 6 நாள், வருஷத்தில் 50 வாரம் என்று போட்டால் 25 மணி நேரம், பத்து மணி நேர வேலைநாள் கணக்கில் இரண்டரை நாள், அதுவும் ஒரு ஆளுக்கு.

வயது விஷயமும் இதே கதைதான். இங்கிலாந்தில் பிறப்பை அரசு பதிவு செய்ய ஆரம்பித்ததே 1837-ல். அதற்கு முன் ஒன்பது வயது ஆகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஒரு மருத்துவர் குழந்தையைப் பார்த்து, ஒன்பது வயதுக்குரிய உடம்பும் தோற்றமும் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும். கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்பதால் பெற்றோரே வயதைக் கூட்டிச் சொன்னார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1837-ல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாயைப் பார்த்து, உயரத்தைவிடப் பல்லை வைத்து வயதைச் சரியாகச் சொல்லலாம் என்று நாடாளுமன்றத்துக்கு எழுதினார். பல்லை எண்ணித்தான் குழந்தையா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டிய நிலைமை.

1844 சட்டத்தில் ஒரு வரி வருகிறது, என்னைக் கேட்டால் மொத்தச் சட்டத்திலும் அதுதான் அழகு: வேலை நேரத்தைப் பொதுக் கடிகாரம் ஒன்றை வைத்துக் கணக்கிட வேண்டும், உதாரணத்துக்குப் பக்கத்து ரயில் நிலையக் கடிகாரம். முதலாளியின் கடிகாரம் செல்லாது. இதைத்தான் நான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கருணை. நாடாளுமன்றத்தில் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பேசிய ஆஷ்லி பிரபு உண்மையாகவே வருந்தி உழைத்தவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரிச்சர்ட் ஓஸ்லர் 1830-ல் லீட்ஸ் பத்திரிகையில் யார்க்ஷயரின் அடிமைத்தனம் என்று எழுதியதும் நெஞ்சிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் ஊர் ஊராகத் தொழிலாளர்கள் வேலை நேரக் குறைப்புக் குழுக்கள் அமைத்தார்கள், 1832 ஏப்ரலில் ஆயிரக்கணக்கானவர்கள் மழையில் யார்க் நகரம் வரை நடந்தே போனார்கள். சாட்லர் குழு முன்னால் சாட்சி சொன்ன சிலருக்கு வேலை போனது. பிரபுவுக்கு அந்த ஆபத்து இல்லை.

யாராவது என்னிடம் கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கிற கேள்வி வேறு: குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் மட்டுமான சட்டத்துக்காக வயது வந்த ஆண்கள் ஏன் இப்படிப் போராடினார்கள்? பாசம் இருந்தது, கணக்கும் இருந்தது. வயது வந்த ஆணின் வேலை நேரத்தில் சட்டம் தலையிடக் கூடாது என்பது அன்றைய நாடாளுமன்றத்தின் பிடிவாதம். நூற்பாலையில் பெண்களும் பிள்ளைகளும் கை எடுத்தால் ஆண்களாலும் ஓட்ட முடியாது, எல்லாருக்கும் வேலை நிற்கும். முதலாளிகளுக்கும் இது புரிந்தது. 1847-ல் பத்து மணி நேரச் சட்டம் வந்ததும், பலர் பெண்களையும் இளைஞர்களையும் மாற்றி மாற்றி உள்ளே வெளியே அனுப்பி, அதிகாலை ஐந்தரையிலிருந்து இரவு எட்டரை வரை இயந்திரத்தை ஓட்டினார்கள். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று எந்த ஆய்வாளரும் கண்டுபிடிக்க முடியாது. 1850-ல் நீதிமன்றம் அது சட்டப்படி செல்லும் என்றே சொல்லிவிட்டது.

அதே வருஷம் புதுச் சட்டம் வந்தது. காலை 6 முதல் மாலை 6 வரை, நடுவில் ஒன்றரை மணி நேரம் சாப்பாட்டுக்கு, சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு முடிவு. பத்து மணி நேர வேலை பத்தரை மணி நேரம் ஆனது. ஆஷ்லி இதற்கு ஒத்துக்கொண்டதைப் பலர் துரோகம் என்றார்கள், அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் நான் அந்தச் சட்டத்தின் பக்கம்தான் நிற்பேன், ஏனென்றால் மாலை ஆறு மணிக்குப் பெண்களும் இளைஞர்களும் வெளியே வருகிறார்களா என்பதை வாசலில் நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குழந்தைகளை அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள், அதைச் சரிசெய்ய 1853 ஆனது.

குழந்தைகள் ஆலையை விட்டு முழுசாக வெளியே வந்தது எப்போது என்றும் அந்த நேயர் கடைசியில் கேட்டிருந்தார். 1844-லேயே அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளி என்று ஏற்பாடு செய்தார்கள், அதற்கு ஈடாக வயதை 9-லிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். அந்தக் குறைந்தபட்ச வயது 1874-ல் நெசவு, நூற்பாலைகளில் 10 ஆகி, 1891 சட்டத்தில் 11, 1901-ல் 12 என்று ஏறியது. அரை நாள் முறையை ஒழித்தது 1918-ம் ஆண்டின் கல்விச் சட்டம்.