வெள்ளாட்டின் குணமும் மந்தையின் முறையும்

பெரியோர்களே, ஆடு வளர்க்கும் தாய்மார்களே, தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் செட்டிநாட்டுப் பொட்டலிலும் கண்மாய்க் கரையிலும் பல இடங்களில் செம்மறியும் வெள்ளாடும் சேர்ந்தே மேய்கின்றன, ஒரே பட்டியில் அடைகின்றன. அதனால் இரண்டுக்கும் ஒரே குணம் என்று எண்ணிவிடுகிறோம். வெள்ளாடு பிடிவாதம் பிடிக்கிறது, சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று திட்டுவதெல்லாம் இந்த எண்ணத்தால் வருவது.

தெருநாய் ஒன்று மந்தைக்குள் புகுந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். செம்மறிகள் தலையை உள்ளே விட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெள்ளாடுகள் நாலு பக்கமும் சிதறும், மேடான இடமாகப் பார்த்து ஏறும், பிறகு திரும்பி நின்று நாயை முறைக்கும். பின்னாலிருந்து கம்பை ஓங்கி விரட்டுகிற ஆளையும் அது அந்த நாயாகத்தான் பார்க்கிறது. செம்மறியைப் பின்னால் நின்று ஓட்டலாம். வெள்ளாட்டை முன்னால் நடந்து கூட்டிப் போகவேண்டும். செம்மறி மந்தையில் நாலைந்து வெள்ளாடு இருப்பது நல்லது என்பதற்கும் இதுதான் காரணம். புதுப் பாலத்தைக் கண்டு செம்மறி மலைத்து நிற்கும்போது வெள்ளாடு முதலில் காலெடுத்து வைக்கும், மற்றவை பின்னாலேயே போகும்.

அடுத்தது கண். வெள்ளாட்டின் கண்மணி படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். தலையைத் திருப்பாமலே 320 பாகை அளவுக்குப் பார்த்துவிடும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. ஆனால் ஆழத்தைக் கணிப்பதில் அதன் கண் நம் கண்ணைவிடப் பலவீனம். அதனால்தான் தேங்கிய தண்ணீர், சாக்கடை மூடி, பளபளக்கும் தகரம், பலகையின் நிழல் எதைக் கண்டாலும் நின்று மோந்து பார்க்கிறது. அந்த நேரத்தில் கொஞ்சம் பொறுத்தால் தானே நடக்கும். அடித்தால் அந்த இடமே அதற்குப் பயமாக மனதில் நின்றுவிடும்.

சந்தைக்குக் கொண்டுபோகக் குட்டியானை வண்டியில் ஏற்றும்போது காதைப் பிடித்தும் காலைப் பிடித்தும் இழுப்பதைப் பார்க்கிறோம். தேவையே இல்லை. வண்டியின் பின்பக்கத்தை மேட்டில் அணைத்து நிறுத்துங்கள். தார்ப்பாய் படபடக்காமல் இழுத்துக் கட்டுங்கள். பலகையில் சாக்கு விரியுங்கள், குளம்பு வழுக்காது. மந்தைக்கு முன்னால் நடக்கும் முன்னத்தி ஆட்டை முதலில் ஒரு கொத்து அகத்திக் குழையைக் காட்டி ஏற்றுங்கள். மற்றவற்றை நடத்தத் தோள்பட்டைதான் கணக்கு: தோளுக்குப் பின்பக்கமாக நெருங்கினால் முன்னே நடக்கும், தோளைத் தாண்டி முன்னால் போனால் நிற்கும் அல்லது திரும்பிவிடும். சத்தம் போடாதீர்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிரித்த முகம், கோப முகம் இரண்டின் படங்களையும் ஆடுகளுக்குக் காட்டி, அவை சிரித்த முகத்தை நாடிப் போனதை 2018-இல் வெளியிட்டார்கள். நம் முகத்தை ஆடு படிக்கிறது.

மந்தைக்குள் பெரியது, சின்னது என்ற வரிசை எப்போதும் உண்டு. வயது, உடல்கட்டு, கொம்பு மூன்றும் அதை முடிவு செய்கின்றன. பெரும்பாலும் மூத்த பெட்டை ஒன்றுதான் முன்னத்தி. வரிசை நிலைத்துவிட்டால் சண்டை குறையும், தலையைத் தாழ்த்திக் காட்டினாலே மற்றது விலகும். சந்தையில் வாங்கிய புது ஆட்டை அன்று இரவே கொட்டகைக்குள் விடும்போதுதான் எல்லாம் கலைகிறது. இருட்டில், ஓட இடமில்லாமல், புது ஆடு சுவரோடு சுவராக அடிபடும். நிறைசினை ஆட்டின் விலாவில் முட்டு விழுந்தால் குட்டி வீசிவிடும், அதாவது கரு கலைந்துவிடும்.

செய்ய வேண்டியது இது. முதல் 30 நாள் தனியாக வையுங்கள். ஆட்டுக்கொல்லி நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு ஒரு வாரம் கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கட்டுங்கள், மோந்து பழகட்டும். அதன்பின் காலையில், வயிறு நிறைந்த நேரத்தில், திறந்த வெளியில் சேர்த்து விடுங்கள். ஒற்றையாக விடாதீர்கள். இரண்டு மூன்றாகச் சேர்த்தால் அடி பங்கிடப்படும். மொட்டை ஆட்டையும் கொம்பாட்டையும் ஒரே அறையில் அடைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. வளர்ந்த ஆட்டின் கொம்பை வீட்டில் வைத்து அறுக்கவே கூடாது. உள்ளே இரத்தக் குழாயும், நெற்றி எலும்பின் உட்குழிவோடு சேர்ந்த வெற்றிடமும் இருக்கின்றன.

தீனித்தொட்டியில் வளர்ந்த ஆட்டுக்குத் தலைக்கு ஒன்றரை அடி நீளம் கொடுங்கள். அதற்குக் குறைந்தால் வலுத்தது தின்னும், இளைத்தது ஒரு வாய் கவ்விப் பின்வாங்கும். பரண் கொட்டகையில் அடர் தீவனம் போட்டும் சில ஆடுகள் எடை ஏறவில்லை என்றால், குடற்புழு மருந்து கொடுப்பதோடு தொட்டியின் நீளத்தையும் அளந்து பாருங்கள்.

இனி தாயும் குட்டியும். செம்மறிக்குட்டி பிறந்த கொஞ்ச நேரத்திலேயே தாயின் பின்னால் ஓடத் தொடங்கும். வெள்ளாட்டுக் குட்டி அப்படியல்ல. முதல் சில நாள் ஒரு மறைவில் அசையாமல் படுத்துக்கொள்ளும். தாய் மேய்ந்துவிட்டு அந்த இடத்துக்கே திரும்பி வந்து, வாயைத் திறக்காமல் தாழ்ந்த குரலில் கனைத்துக் கூப்பிடும். நம் பெரியவர்கள் குட்டியைக் குடாப்பில், அதாவது கவிழ்த்து மூடும் கூடையில், போட்டு மூடியது இந்த இயல்புக்கு அச்சாகப் பொருந்துகிறது. நிழலில் கவிழ்த்து, மேலே கல் வைத்து, காற்றுக்கு இடைவெளி விட்டால் குட்டி கலங்காது. மேய்ச்சல் காட்டில் ஈன்ற குட்டியைக் காணோம் என்றால் மந்தை நிற்கும் இடத்தில் தேடாதீர்கள், கடைசியாகப் பால் குடித்த புதரடியில் தேடுங்கள்.

தாய் குட்டியை அடையாளம் வைப்பது வாசனையால். ஈன்றவுடன் நக்கும் அந்த முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். அப்போது குட்டியைத் தூக்கிப் போய்க் கழுவித் துடைத்தால் தாய் பிறகு முட்டித் தள்ளும். இரட்டைக் குட்டியில் ஒன்றை மட்டும் ஒதுக்குவது இப்படியும் நேர்வதுண்டு. உடனே பார்த்துவிட்டால் பனிக்குட நீரை அந்தக் குட்டியின் மேல் தடவித் தாயின் மூக்குக்கு நேரே விடுங்கள். சீம்பால் மட்டும் எப்படியாவது அன்றே உள்ளே போய்விட வேண்டும்.

கருப்பருக்கு நேர்ந்துவிட்ட கிடாயைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டியிலிருந்தே ஒற்றையாக, வீட்டாரோடு வளர்கிறது. பிள்ளைகள் அதன் நெற்றியில் கைவைத்துத் தள்ளி விளையாடுகிறார்கள். ஒரு வயதாகும்போது அது மனிதரையே போட்டிக் கிடாயாக நினைத்து முட்ட வருகிறது. நெற்றியைத் தள்ளி விளையாடக் கூடாது, கூட ஒரு குட்டியாவது வளர வேண்டும். செம்மறிக் கிடாய் பின்வாங்கி ஓடிவந்து முட்டும். வெள்ளாட்டுக் கிடாய் பின்னங்காலில் எழுந்து, தலையைச் சாய்த்து, மேலிருந்து இறங்கி முட்டும். எழும்போதே பக்கவாட்டில் விலகிவிடுங்கள்.

பெட்டை வாலை ஓயாமல் ஆட்டிக் கத்தினால் பருவம். சினை பிடிக்கவில்லை என்றால் 21 நாள் கழித்துத் திரும்பும்.

சாயங்காலம் மந்தை அடையும்போது பட்டி வாசலில் நில்லுங்கள். எண்ணிக்கையோடு வரிசையையும் பாருங்கள். தினமும் முன்னால் வருகிற ஆடு கடைசியாக வந்தால், காது தொங்கி, முதுகு வளைந்து, அசைபோடாமல் ஒதுங்கி நின்றால், பல்லை நறநறவென்று கடித்தால், அதைத் தனியே கட்டி ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 102, 103 டிகிரி பாரன்ஹீட் வழக்கமானது. 104-ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு எண் 1962.