ரம்முக்கு ஒரு தீவு

வணக்கம். ஆஸ்திரேலியாவுக்கு ஆரம்பகாலத்தில் வந்த பாய்மரக் கப்பல்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பை எடுத்தால் எல்லாரும் 1788க்குப் போய் அங்கேயே நின்றுவிடுவார்கள். பதினோரு கப்பல், கவர்னர் ஆர்தர் பிலிப், ஜனவரி 26, கொடி. நான் அதைச் சீக்கிரம் தாண்டிவிடப் போகிறேன். எனக்கு அதற்கு அடுத்த பத்து வருஷம்தான் சுவாரசியம். அதிலும் கப்பலில் வந்த ஆட்களைப் பார்ப்பதற்கு முன்னால் கூட வந்த சரக்கையும், யார் எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். யார் உயிரோடு கரையிறங்கினார்கள் என்பதைக் கடலும் காற்றும் மட்டும் முடிவு செய்யவில்லை. கப்பல்காரனோடு போட்ட ஒப்பந்தமும் முடிவு செய்தது.

சிட்னியில் கைதிகளைக் குடியேற்ற இங்கிலாந்து அனுப்பிய முதல் தொகுதிக் கப்பல்கள் 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத்தில் இருந்து கிளம்பின. டெனரீஃப், ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன் என்று சுற்றி எட்டு மாதத்துக்கு மேல் பயணம். எழுநூறுக்கும் மேற்பட்ட கைதிகள், காவலுக்கு மரீன்கள் என்ற கடற்படைச் சிப்பாய்கள், அவர்களில் சிலருடைய குடும்பங்கள். வழியில் செத்தவர்கள் ஐம்பது பேருக்குள்தான், அந்தக் காலத்துக்கு இது ஆச்சரியமான கணக்கு. ஒப்பந்தக்காரர் வில்லியம் ரிச்சர்ட்ஸ் சாப்பாட்டில் பெரிதாகக் கை வைக்கவில்லை, பிலிப்பும் துறைமுகத்துக்குத் துறைமுகம் காய்கறியும் புது இறைச்சியும் ஏற்றாமல் நகரவில்லை. கைதிகளை இறக்கிய கையோடு ஸ்கார்பரோ, ஷார்லட், லேடி பென்ரின் மூன்றும் சீனாவுக்குப் போய்க் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தேயிலை ஏற்றின. போகும்போது கைதி, திரும்பும்போது தேயிலை. கப்பல் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இரண்டும் சரக்குதான்.

இரண்டாவது தொகுதிக்கு வருவோம், 1790. இந்த முறை ஒப்பந்தம் கேம்டன், கால்வர்ட் அண்ட் கிங் என்ற லண்டன் கம்பெனிக்குப் போனது. ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தில் இருந்தவர்கள். ஒரு கைதிக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ் என்று பேச்சு. இதில் கவனிக்க வேண்டியது தொகை இல்லை. கப்பலில் ஏற்றிய தலைக்குத்தான் காசு, இறக்கிய தலைக்கு இல்லை. லாரிக்காரனுக்கு லோடு ஏற்றும்போதே முழு வாடகையையும் கொடுத்துவிட்டு, சாமான் உடையாமல் வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்த்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. நெப்டியூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோ ஆகிய மூன்று கப்பல்களில் ஏறிய ஆயிரத்துச் சொச்சம் பேரில் 267 பேர் வழியிலேயே செத்தார்கள். சாகாமல் வந்தவர்களில் பாதிக்கு மேல் நோயாளிகள், நடக்கக்கூட முடியாதவர்கள் நிறைய. பலரைத் தூக்கித்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள், அப்படித் தூக்கும்போதே சிலர் போய்விட்டார்கள். காலனியின் பாதிரியார் ரிச்சர்ட் ஜான்சன் சர்ப்ரைஸ் கப்பலின் கீழறைக்குள் இறங்கிப் பார்த்து எழுதிய கடிதம் இருக்கிறது, படித்தால் அன்று சோறு இறங்காது. பக்கத்தில் படுத்திருந்தவன் செத்தால் அதை வெளியே சொல்லாமல் மறைத்து, அவன் பங்கு ரேஷனையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள், அந்த அளவுக்குப் பசி. அதே கப்பல்கள் சிட்னியில் கடை விரித்து, கொண்டுவந்த சாமான்களைக் கொள்ளை விலைக்கு விற்றன. கைதிக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்தது அங்கே லாபமாக மாறியது. நெப்டியூனின் கேப்டன் டொனால்ட் டிரெயில் மேல் லண்டனில் கொலை வழக்கு வந்தது. விடுதலை ஆகிவிட்டான்.

சரி, அப்புறம் திருந்தினார்களா என்றால், மெதுவாகத் திருந்தினார்கள். உயிரோடு இறக்கினால்தான் ஒரு பங்கு காசு என்று பிறகு மாற்றினார்கள், சாவு குறைந்தது. 1814ல் ஜெனரல் ஹெவிட், த்ரீ பீஸ், சர்ரி என்று வரிசையாக நோய்க் கப்பல்கள் வந்தன. டாக்டர் வில்லியம் ரெட்ஃபர்ன் விசாரித்து ஓர் அறிக்கை கொடுத்தார், இவரே ஒரு காலத்தில் கைதியாக வந்தவர். அதற்குப் பிறகு கைதிக் கப்பல்களில் அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய டாக்டர் ஒருவர் கட்டாயமானார். (த்ரீ பீஸ் கைதிகளை எல்லாம் இறக்கிய பிறகு சிட்னித் துறைமுகத்துக்குள்ளேயே தீப்பிடித்து வெடித்துச் சிதறியது. ஆட்களோடு வெடிக்காமல் போனதே பெரிய விஷயம்.)

இனி நம் பக்கத்துக் கடலுக்கு, வங்காள விரிகுடாவுக்கு வருகிறேன். சிட்னியில் முதல் சில வருஷம் சரியான பட்டினி. விதைத்தது சரியாக முளைக்கவில்லை. முதல் தொகுதியில் வந்த சிரியஸ் என்ற கப்பல் கேப் டவுன் வரை போய் மாவு கொண்டுவந்தது, பிறகு 1790ல் நார்ஃபோக் தீவில் பாறையில் மோதி உடைந்தது. இங்கிலாந்திலிருந்து சாமான் ஏற்றி வந்த கார்டியன் என்ற கப்பல் 1789 கடைசியில் பனிப்பாறையில் இடித்துக்கொண்டது. கடைசியில் பிலிப் கல்கத்தாவைப் பார்த்தார். 1791 அக்டோபரில் அட்லாண்டிக் என்ற கப்பலை அங்கே அனுப்பினார், அது 1792 ஜூனில் அரிசியும் ரவையும் பருப்பும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. உப்புப் போட்ட பன்றிக் கறியையும் மாவையும் தவிர வேறு தெரியாத லண்டன் திருடர்களும் அயர்லாந்து விவசாயிகளும் அந்தப் பருப்பை என்ன செய்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. தாளிக்க ஆள் இல்லை.

சிட்னி பசியோடு இருக்கிறது, அங்கே காசோ அரசாங்க ரசீதோ கிடைக்கும் என்ற செய்தி துறைமுகங்களில் பரவியது. 1792 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹோப் என்ற அமெரிக்கக் கப்பல் வந்தது. கேப்டன் பெஞ்சமின் பேஜ் ஒரே நிபந்தனைதான் போட்டான்: உணவுப் பொருள் வேண்டுமா, கூடவே கப்பலில் உள்ள ரம் முழுவதையும் வாங்க வேண்டும். ரம் என்றால் ஏழாயிரத்து ஐந்நூறு கேலனுக்கு மேல். பிலிப் அப்போதுதான் ஊருக்குக் கிளம்பியிருந்தார். பொறுப்பில் இருந்த மேஜர் குரோஸ் வாங்கினார், ராணுவ அதிகாரிகள் அதைப் பங்கு போட்டு விற்றார்கள். கூலியைக்கூட ரம்மாகக் கொடுக்கும் ஊராகச் சிட்னி மாறியதில் இந்த வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தச் சந்தையைக் குறிவைத்துத்தான் கல்கத்தாவில் கேம்பல் அண்ட் கிளார்க் என்ற வியாபார நிறுவனம் ஒரு கப்பலை வாங்கியது. பழைய பெயர் பேகம் ஷா. போகிற ஊரின் மனசைக் குளிர வைக்கவோ என்னவோ, சிட்னி கோவ் என்று பெயரை மாற்றினார்கள். யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை, விற்றுவிடலாம் என்ற நம்பிக்கைதான் மூலதனம். ரம் மட்டும் சுமார் ஏழாயிரம் கேலன், அது போக அரிசி, சர்க்கரை, தேயிலை, புகையிலை, துணி, செருப்பு, சீனப் பீங்கான், கால்நடை. கேப்டன் ஹாமில்டன். சரக்குக்குப் பொறுப்பாக வில்லியம் கிளார்க். பாய் இழுத்தவர்களும் தண்ணீர் இறைத்தவர்களும் பெரும்பாலும் லாஸ்கர்கள், அதாவது கம்பெனிக் காலத்து இந்திய மாலுமிகள். 1796 நவம்பர் 10ஆம் தேதி கிளம்பினார்கள்.

அன்றைக்கு டாஸ்மேனியா தனித் தீவு என்று வெள்ளைக்காரர்களுக்குத் தெரியாது, பெருநிலத்தின் வால் என்று நினைத்தார்கள். அதனால் இந்தியாவிலிருந்து சிட்னி போகிற கப்பல் நேராகப் போக முடியாது. தெற்கே, பனிக்காற்று வீசும் நாற்பது டிகிரிக்குக் கீழே இறங்கி, டாஸ்மேனியாவின் அடியைச் சுற்றி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். வங்காளத்து வெயிலுக்கான பருத்தித் துணியோடு லாஸ்கர்களை அந்தக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரிலேயே கப்பல் ஒழுக ஆரம்பித்துவிட்டது. இரவும் பகலும் பம்பு. பம்படியிலேயே குளிரில் விறைத்து ஐந்து லாஸ்கர்கள் செத்தார்கள். கீழறையில் மூட்டை மூட்டையாகத் துணி இருந்த கப்பல் அது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1797 பிப்ரவரி 9. கப்பல் மூழ்கப் போவது உறுதி என்று தெரிந்ததும் ஹாமில்டன் அதை ஒரு சின்னத் தீவுக்கருகே தரைதட்ட விட்டார். இன்று அதற்குப் பிரிசர்வேஷன் தீவு என்று பெயர். ஆட்கள் பிழைத்தார்கள். முடிந்தவரை சரக்கையும் கரையேற்றினார்கள். அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த, அதே சமயம் எரிச்சலும் வருகிற விஷயம் நடந்தது. ரம் பீப்பாய்களை ஆட்கள் இருந்த தீவில் வைத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று, பக்கத்தில் இருந்த இன்னொரு குட்டித் தீவில் தனியாகக் கொண்டுபோய் வைத்தார்கள். இன்றைக்கும் வரைபடத்தில் அது ரம் தீவுதான்.

உதவி தேடிப் பதினேழு பேர் கப்பலின் பெரிய படகில் கிளம்பினார்கள். கிளார்க், கப்பலின் அடுத்த அதிகாரி ஹியூ தாம்சன், மூன்று ஐரோப்பிய மாலுமிகள், பன்னிரண்டு லாஸ்கர்கள். சில நாளிலேயே இன்றைய விக்டோரியா மாநிலத்தின் தொண்ணூறு மைல் கடற்கரையில் படகும் உடைந்துபோனது. அங்கிருந்து சிட்னி அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல். நடந்தார்கள். அந்தக் கரையில் அவர்களுக்கு முன் எந்த ஐரோப்பியனும் அப்படி நடந்ததில்லை. ஆனால் அது ஆளில்லாத கரை இல்லை, ஒவ்வொரு ஆறும் ஒவ்வொரு விரிகுடாவும் யாரோ ஒருவருடைய ஊர். வழிநெடுக அந்த மண்ணின் மக்கள் மீன் கொடுத்தார்கள், தங்கள் ஓடங்களில் ஆறு கடத்திவிட்டார்கள், வழியும் காட்டினார்கள். சில இடங்களில் மோதலும் ஆனது, கிளார்க்குக்கு இரண்டு கையிலும் ஈட்டிக் காயம். மொத்தமாகப் பார்த்தால், அந்த மக்கள் சோறு போடாமல் இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். நடக்க முடியாதவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். மே மாத நடுவில், சிட்னிக்குத் தெற்கே வாட்டமொல்லாவில் மீன்பிடிப் படகு ஒன்றின் கண்ணில் பட்டபோது மிச்சம் மூன்று பேர்: கிளார்க், ஜான் பென்னட் என்ற மாலுமி, ஒரு லாஸ்கர். மூன்றாவது ஆளைப் பெரும்பாலான பதிவுகள் இப்படித்தான் குறிப்பிடுகின்றன. அறுநூறு கிலோமீட்டர் நடந்தவனுக்கு ஒரு பெயர் எழுத மை இல்லாமல் போய்விட்டது.

கடைசிக் கட்டத்தில் அவர்கள் குளிர்காயக் கரையோரப் பாறையில் கிடைத்த நிலக்கரியை எரித்திருந்தார்கள். அதைக் கேட்டதும் கவர்னர் ஹண்டர் கடற்படை டாக்டர் ஜார்ஜ் பாஸை அங்கே அனுப்பினார். கரியும் இருந்தது, பின்தங்கிய இருவரின் எலும்பும் இருந்தது. அந்த இடம்தான் இப்போதைய கோல்கிளிஃப்.

தீவில் மாட்டியிருந்தவர்களைக் கூட்டிவர ஃபிரான்சிஸ், எலிசா என்று இரண்டு சின்னக் கப்பல்கள் போயின. திரும்பி வரும் வழியில் எலிசா காணாமலே போனது, அதில் ஏறிய லாஸ்கர்களையும் சேர்த்து. ஆறு பேரைச் சரக்குக்குக் காவலாக இன்னும் சில மாதம் அந்தக் குளிரிலேயே விட்டு வந்திருந்தார்கள். மிச்சச் சரக்கை எடுக்க ஃபிரான்சிஸ் திரும்பத் திரும்பப் போனது, 1798 தொடக்கத்தில் கடற்படை அதிகாரி மாத்யூ ஃபிளிண்டர்ஸும் கூடப் போனார். ஹாமில்டன் அதே வருஷம் சிட்னியில் இறந்தார்.

கப்பல் உடைந்த செய்தி கைதிகள் காதுக்கும் எட்டியது. பதினாலு பேர் ஒரு படகைத் திருடிக்கொண்டு அந்தக் கப்பலைத் தேடிப் போனார்கள், ரம் இருக்கிறதே. கப்பல் கிடைக்கவில்லை, உணவு தீர்ந்தது, ஏழு பேர் தூங்கும்போது மற்ற ஏழு பேர் படகை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார்கள். 1798 ஜனவரியில் தற்செயலாக அந்தப் பக்கம் திமிங்கிலப் படகில் வந்த ஜார்ஜ் பாஸ்தான் ஒரு தீவில் அவர்களைக் கண்டார். அவருடைய படகில் இடம் இல்லை. முடியாத இருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு, மற்ற ஐவரைப் பெருநிலத்தில் இறக்கி, ஒரு துப்பாக்கி, தூண்டில், சமைக்க ஒரு பாத்திரம், ஒரு திசைகாட்டி கொடுத்துச் சிட்னி இந்தப் பக்கம் என்று காட்டினார். அந்த ஐவரைப் பற்றி அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

அந்தத் தீவுகளில் அலையும் நீரோட்டமும் இருந்த விதத்தைப் பார்த்து, டாஸ்மேனியாவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் ஒரு நீரிணை இருக்க வேண்டும் என்ற சந்தேகம் வலுத்தது. பாஸும் ஃபிளிண்டர்ஸும் 1798 அக்டோபரில் நார்ஃபோக் என்ற கப்பலில் கிளம்பி டாஸ்மேனியாவை முழுக்கச் சுற்றி வந்து அதை நிரூபித்தார்கள். பாஸ் நீரிணை என்று பெயரானது, இந்தியக் கப்பல்கள் தெற்கே அவ்வளவு தூரம் இறங்க வேண்டிய அவசியம் போனது. கூடவே, அந்தத் தீவுகளில் கடல்நாய்கள் ஏராளம் என்ற செய்தியும் வெளியே வந்தது. உடனே ஆட்கள் வந்து இறங்கி ஆயிரக்கணக்கில் கொன்று தோலைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச வருஷத்தில் கடல்நாயும் அருகிப்போனது, டாஸ்மேனியப் பழங்குடிப் பெண்களை அந்த வேட்டைக்காரர்கள் கடத்திக்கொண்டுபோன கதையும் அங்கேதான் தொடங்குகிறது. அது தனியாக ஒரு நாள் பேச வேண்டியது.

கேம்பல் நிறுவனம் என்ன ஆனது? நஷ்டத்தோடு ஒதுங்கவில்லை. 1798ல் ராபர்ட் கேம்பல் அடுத்த சரக்கோடு தானே நேரில் வந்தார், 1800ல் சிட்னியிலேயே குடியேறினார், துறைமுகத்தில் சொந்தப் படித்துறை கட்டினார். சிட்னிக்குப் போனவர்கள் த ராக்ஸ் பகுதியில் கேம்பல் பெயரில் கல் கிட்டங்கிகளைப் பார்த்திருப்பீர்கள், இப்போது சாப்பாட்டுக் கடைகள். 1806ல் அரசாங்கம் தானியம் வாங்கிவர அவருடைய சிட்னி என்ற கப்பலைக் கல்கத்தாவுக்கு வாடகைக்கு எடுத்தது, போகும் வழியிலேயே நியூகினிக்கு வடக்கே அது உடைந்துபோனது. இழப்பீட்டுக்காகப் பல வருஷம் மல்லுக்கட்டி, கடைசியில் 1825 வாக்கில் நிலமும் ஆடுகளும் வாங்கினார். அந்த நிலம் டன்ட்ரூன். இன்றைய கான்பராவுக்குள் இருக்கிறது, ஆஸ்திரேலிய ராணுவக் கல்லூரி நடப்பது அங்கேதான்.

சிட்னி கோவ் கப்பலின் மிச்சத்தை 1977ல் கண்டுபிடித்துத் தோண்டினார்கள். பீங்கான், செருப்புத் தோல், மூடி கழற்றாத பாட்டில்கள் எல்லாம் கிடைத்தன, லான்செஸ்டன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நேரம் ஆகிவிட்டது, கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம்.