நிலம் பிறக்கும் மாவட்டம்

அவையோருக்கு வணக்கம்.

பாக்கர்கஞ்ச் மாவட்டத்தை 1797-ல் ஆங்கிலேயர் உருவாக்கினார்கள். இன்று அது வங்கதேசத்தில் பரிசால், போலா, பட்டுவாகாலி என்று பல மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. கிழக்கே மேக்னா ஆறு, தெற்கே கடல். உள்ளே எங்கு திரும்பினாலும் ஆறும் ஓடையும்தான்.

அந்த ஊர் அமைந்த விதத்தைக் கொஞ்சம் மனதில் வரைந்து பாருங்கள். வெள்ளம் கொண்டுவரும் வண்டல் முதலில் ஆற்றோரத்தில் படியும். அதனால் கரை மேடு, உட்பகுதி பள்ளம். வீடு கட்ட வேண்டுமா? குளம் வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் கட்டவேண்டும். சுற்றிலும் பாக்கு, தென்னை. மழைக்காலத்தில் அடுத்த வீட்டுக்குப் போகக்கூடப் படகு வேண்டும்.

1901 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 23 லட்சம் பேர். தலைநகரான பரிசாலில் 20,000 பேர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லாம் கிராமங்களில், பெரும்பாலும் நெல் பயிரிட்டு வாழ்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முஸ்லிம்கள். இந்துக்களில், தீண்டாமைக்கு ஆளான நாமசூத்திரர் என்ற சாதியினரே அதிகம்.

ஆறு ஒரு கரையைத் தின்னும், இன்னொரு பக்கம் புது மண்ணை எழுப்பும். அதைச் 'சர்' என்பார்கள். அது யாருக்குச் சொந்தம் என்று சொல்ல 1825-ல் தனிச் சட்டமே வந்தது. கரையோடு ஒட்டி மெல்ல வளர்ந்த மண் கரைக்காரருக்கு. பெரிய ஆற்றின் நடுவே, நடந்து கடக்க முடியாதபடி எழுந்த தீவு அரசுக்கு. சரி, சட்டம் சொந்தக்காரரைச் சொல்லிவிட்டது. அந்தச் சேற்றில் இறங்கி உழுதவர் யார்? வேறு நிலம் இல்லாதவர்தான்.

1876 அக்டோபர் 31 இரவு புயல் வந்தது. கடல் எழுந்து மேக்னாவின் முகத்துவாரத் தீவுகள் மேல் ஏறியது. அந்த வட்டாரம் முழுவதிலும் மூழ்கி இறந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்று கணக்கிட்டார்கள். அப்புறம் வந்த காலராவும் பட்டினியும் ஏறக்குறைய அதே அளவு உயிர்களைக் கொண்டுபோயின. போலா தீவின் நிர்வாகத் தலைமையிடமாக இருந்த தௌலத்கான் ஊர் சிதைந்தது. தலைமையிடத்தைப் போலா ஊருக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

தப்பித்தவர்களில் பலர் வீட்டைச் சுற்றியிருந்த மரங்களைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தவர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தென்னை ஆள் உயரம் தாண்டி வளர ஆண்டுகள் ஆகும். போன வருடம்தான் ஆற்றிலிருந்து எழுந்த சரில், குடிசை போட்ட ஏழைக்குப் பற்றிக்கொள்ள என்ன இருந்திருக்கும்?