85 பர்சன்டைல் வாங்கிய பிள்ளைக்கு எங்கே சீட்?

பெற்றோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம். மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் ரிசல்ட் வந்த பிறகு நடக்கிற கூட்டம் என்பதால் சில முகங்களில் களை இல்லை. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் இந்த பர்சன்டைல். 85 என்றதும் நூற்றுக்கு எண்பத்தைந்து மார்க் என்று நினைத்து ஸ்வீட் கொடுத்த வீடுகள் உண்டு. அதே 85-ஐப் பார்த்து இரண்டு நாள் அடுப்பு பற்றவைக்காத வீடுகளும் உண்டு. தேர்வு எழுதுகிறவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். 85 பர்சன்டைல் என்றால் அவர்களில் 100-க்கு 85 பேர் உங்களுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள்; மேலே 2 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். நாட்டில் இருக்கிற 31 என்ஐடிகளிலும், அதாவது தேசியத் தொழில்நுட்பக் கழகங்களிலும் சேர்த்து இடங்கள் சுமார் 24,000தான். திருச்சி என்ஐடியில் பாதி இடம் நம் மாநிலப் பிள்ளைகளுக்கு என்றாலும், பொதுப் பிரிவில் இந்த ரேங்க்குக்கு அது எட்டாது. இதை இன்றைக்கே ஒப்புக்கொண்டால் ஆகஸ்ட் வரை அலைய வேண்டியதில்லை.

அதற்காக இந்த மத்தியக் கல்லூரி இடங்களை ஒதுக்கும் ஜோசா கவுன்சலிங்கை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்குத் தனி ரேங்க் இருக்கிறது. பொது ரேங்கை மட்டும் பார்த்துவிட்டு மூட்டை கட்டுகிறவர்கள்தான் நிறைய. ஓபிசி பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை: மாநில அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், அந்த ஆண்டு ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் வேண்டும். ஜோசா பட்டியலில் ஐஐடி, என்ஐடி மட்டும் இல்லை. புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் நிஃப்டெம் இருக்கிறது. ஜோசா முடிந்ததும் காலி இடங்களுக்கு சிஎஸ்ஏபி (மத்திய சீட் ஒதுக்கீட்டு வாரியம்) சிறப்புச் சுற்று நடக்கும். அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

ஆனால் இந்த அரங்கில் இருக்கிற பெரும்பாலோருக்கு உண்மையான வழி ஜேஇஇ அல்ல. தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வை 2007-லேயே சட்டம் போட்டு நீக்கியாயிற்று. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையான டிஎன்இஏ கவுன்சலிங்கில் உங்கள் ஜேஇஇ மார்க்கை யாரும் கேட்க மாட்டார்கள். ப்ளஸ் டூவில் மேத்ஸ் 100-க்கு, பிசிக்ஸ் 50-க்கு, கெமிஸ்ட்ரி 50-க்கு. ஆக மொத்தம் 200. மேத்ஸில் 78, பிசிக்ஸில் 74, கெமிஸ்ட்ரியில் 80 வாங்கிய பையனுக்கு 78, 37, 40 கூட்டி 155 கட்-ஆஃப். ஜேஇஇ கோச்சிங்கில் சறுக்கிய பல பேர் ப்ளஸ் டூவில் நன்றாகவே வாங்கியிருப்பார்கள். அந்த மார்க்ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு பர்சன்டைலைப் பார்த்தே கண்ணீர் விடுவது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

சீட் கையில் வருவதும் நழுவுவதும் சாய்ஸ் ஃபில்லிங்கில்தான், அதாவது கல்லூரி, பிராஞ்ச் விருப்பங்களை வரிசைப்படுத்திப் பதிவதில்தான். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் முறை வரும்போது கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? உங்களுக்கு முந்தைய ரேங்க்காரர்கள் எடுத்தது போக மிச்சம் இருப்பதில், உங்கள் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைக் கொடுக்கிறது. முதல் சாய்ஸாக கிண்டி அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரியைப் போட்டுக் கிடைக்காமல் போனால் அடுத்ததைப் பார்க்கும். அதற்காக உங்களைப் பின்னால் தள்ளாது. "கிடைக்காததைப் போட்டு ஏன் சார் இடத்தை வீணாக்கணும்?" என்று கேட்டு, கிடைக்கும் என்று தெரிந்த கல்லூரியை முதலில் போடுகிறார்கள். அது கிடைத்தும் விடுகிறது. பத்தாவது வரிசையில் போட்டிருந்த நல்ல கல்லூரியில் இடம் காலியாகவே இருந்திருக்கும். ஆகவே ஆசைப்படுகிற வரிசையில் போடுங்கள், நீளமாகப் போடுங்கள். போன வருடம் ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பிடித்தவரின் கட்-ஆஃபைப் பார்த்து, உங்கள் மார்க்குக்குக் கொஞ்சம் மேலே இருப்பவை, பக்கத்தில் இருப்பவை, கீழே இருப்பவை எல்லாம் வரட்டும். பிராஞ்ச் பெயருக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடும். பிரவுசிங் சென்டர்காரர் அதைச் சொல்ல மாட்டார்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். கிடைத்ததை ஏற்றுச் சேரலாம். அல்லது ஏற்றுக்கொண்டு, மேலே இருக்கிற சாய்ஸ் காலியானால் அதற்குக் காத்திருப்பதாகவும் சொல்லலாம். இரண்டாவதில் நஷ்டம் இல்லை, கையில் இருப்பது போகாது. பதிலே சொல்லாமல் குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டால் சீட் போய்விடும்.

இனி கசப்பான பேச்சு. மே மாதம் முழுக்க உங்கள் போன் அடிக்கும். "மேனேஜ்மென்ட் கோட்டா கடைசி நாலு சீட், இன்றைக்கே அட்வான்ஸ் கட்டுங்கள்" என்பார்கள். கவுன்சலிங் தொடங்காத நேரத்தில் பயத்தை விற்பதுதான் அந்த வியாபாரம். கேபிடேஷன் ஃபீ, அதாவது கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992 சட்டப்படி குற்றம். அசல் சான்றிதழை வாங்கிப் பிடித்து வைக்கவும் கல்லூரிக்கு உரிமை இல்லை. ரசீது தராத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கடன் வாங்கியாவது கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று நிற்கும் அப்பாக்களிடம் ஒன்று கேட்கிறேன்: அதே பையனுக்கு சேலத்திலோ, பர்கூரிலோ, திருநெல்வேலியிலோ அரசுக் கல்லூரியில் சிவிலோ மெக்கானிக்கலோ கிடைக்கும் என்றால் அதை ஒரு தடவை போய்ப் பார்த்தீர்களா? கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இவற்றுக்கும் கட்-ஆஃப் இடைவெளி பெரிது. நடுத்தர மார்க்கோடு நல்ல கல்லூரிக்குள் போக அந்த இடைவெளிதான் வழி. பையனுக்கு அந்தப் பாடத்தில் நாட்டமே இல்லை என்றால் வேண்டாம், அது வேறு விஷயம்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் ஏசி ஆடிட்டோரியத்தைப் பார்க்காதீர்கள். லேபில் இருக்கிற மெஷின் ஓடுகிறதா, அதன் மேல் தூசி எவ்வளவு என்று பாருங்கள். என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை, பாடப்பிரிவு வாரியாகத்தான். நீங்கள் சேரப் போகிற பிரிவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். தேர்ச்சி விகிதத்தையும் விசாரியுங்கள். பிளேஸ்மென்ட் போஸ்டரில் சிரிக்கிற பத்துப் பேரை விட்டுவிட்டு, தேர்டு இயர் மாணவன் ஒருவனை டீக்கடையில் பிடித்துக் கேட்டால் போதும்.

கட்-ஆஃபும் குறைவு, பணமும் குறைவு என்றால் பாலிடெக்னிக் இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு. கூடுதலாகப் போவது ஒரு வருடம்தான், கைவேலை தெரிந்துவிடும். ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயன்ஸ் பி.எஸ். படிப்புக்கும் ஜேஇஇ கட்டாயமில்லை, அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும். ஆனால் அது பி.டெக் அல்ல, பெரும்பாலும் ஆன்லைன். தானாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு மட்டும் சொல்வேன்.

கடைசியாக, நாளை காலை செய்ய வேண்டிய வேலை. ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது; அதில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையது. படித்த பள்ளிகளில் அதற்கான சான்றை இப்போதே கேட்டு வாங்குங்கள். வீட்டில் யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ரிசல்ட் சமயத்தில் அங்கே கூட்டம் தாங்காது. சாதிச் சான்றிதழில் பெயரும் இனிஷியலும் மார்க்ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் திருத்துவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம், கட்-ஆஃபைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.