மாநாட்டு ஆப்பை எங்கிருந்து மாத்தணும்?

[திரையில்: பழைய ஆப். வரவேற்புப் படம், ஸ்பான்சர் லோகோக்கள், கீழே பன்னிரண்டு ஐகான்.]

கிருஷ்ணகிரியில ரெண்டு நாள் மாம்பழ மாநாடுன்னு வெச்சுக்குவோம். போச்சம்பள்ளி, பர்கூர் பக்கத்து விவசாயிங்க, மாங்கூழ் ஆலைக்காரங்க, பையூர் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிங்க வர்றாங்க. மண்டபத்துல நுழைஞ்சதும் அவங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான்: இப்ப எந்த ஹால்ல என்ன நடக்குது, அடுத்து எங்க போகணும்? அதுக்கு இந்த ஆப்ல நாலு தடவ தட்டணும். வேலையை இங்கதான் ஆரம்பிக்கணும்.

[திரையில்: புது முதல் திரை.]

மேல 'இப்போது', கீழ 'அடுத்து'. அவ்வளவுதான். லோகோக்கள் தனிப் பக்கத்துக்குப் போகட்டும். ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு அட்டை, அதாவது திரையில ஒரு பெட்டி. அதுல முதல்ல நேரம், அப்புறம் ஹால், அப்புறம் தலைப்பு. பழைய ஆப் தலைப்பை ஒரே வரியில அடக்கப் பார்த்து, 'பெங்களூரா ரகத்தில் தத்துப்...'னு வெட்டிடுது. மூணு வரி வரைக்கும் இடம் விடுங்க. அட்டையோட உயரத்தை நிலையா வெக்காதீங்க. போன்ல எழுத்தைப் பெருசாக்கி வெச்சிருக்கறவங்களுக்கு எழுத்துக்கு மேல இருக்கற புள்ளியும் கீழ இருக்கற சுழியும் வெட்டுப்படும். வரி உயரம் எழுத்து அளவுல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். பட்டன் 48 டிபிக்குக் (எந்தப் போன் திரையிலயும் ஏறக்குறைய ஒரே அளவா தெரியற அலகு) குறையக் கூடாது.

[திரையில்: ஏரோப்ளேன் மோடு.]

கான்கிரீட் மண்டபம், ஒரே டவர்ல நூத்துக்கணக்கான போன். நெட் கட்டாகும்னே நினைச்சு வடிவமைங்க. முதல் தடவ திறக்கும்போதே முழு நிகழ்ச்சி நிரலும் போன்ல இறங்கிடணும். படம் இல்லாத வெறும் எழுத்து சில நூறு கிலோபைட்தான். அப்புறம் மாறினதை மட்டும் வாங்கினா போதும். 'கடைசியாகப் புதுப்பித்தது 10.42'னு கண்டிப்பா காட்டுங்க. இல்லேன்னா ஹால் மாறினது தெரியாம பழைய தகவலை நம்பி உக்காந்திருப்பாங்க.

நேரத்துல ஒரு பொறி இருக்கு. காலை 10 மணி அமர்வு சர்வர்ல யுடிசிப்படி (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி) 4.30. மாத்தாம காட்டினா விடியக்காலை அமர்வு. அஞ்சரை மணி நேரத்தைத் தப்பா ரெண்டு தடவ கூட்டினா மதியம் 3.30. துபாய்ல இருந்து வந்த ஏற்றுமதியாளரோட போன் அந்த ஊர் நேரத்துலயே இருந்தாலும், ஆப் மாநாட்டு ஊர் நேரத்தைத்தான் காட்டணும்.

[திரையில்: நுழைவுக் க்யூஆர்.]

டார்க் மோடுல க்யூஆரும் நிறம் தலைகீழாகி, கறுப்புல வெள்ளையா மாறிடலாம். பல ஸ்கேனர் அதைப் படிக்காது, வாசல்ல வரிசை நிக்கும். எந்த மோடுலயும் வெள்ளையில கறுப்புதான். சுத்தி, க்யூஆர்ல இருக்கற சின்னக் கட்டம் நாலோட அகலத்துக்கு வெத்திடம். திறந்ததும் திரை வெளிச்சம் முழுசா ஏறணும். க்யூஆர்லயே டிஜிட்டல் கையொப்பம் இருந்தா ஸ்கேனரே அதைச் சரிபார்த்துடும், அதுக்கும் நெட் வேண்டாம். ஆனா ரெண்டு வாசலும் ஆஃப்லைன்ல இருந்தா ஒரே பாஸ்ல ரெண்டு பேர் நுழையலாம். சாப்பாட்டு டோக்கனும் இதுலயேன்னா வாசல்களை உள்ளூர் வைஃபைல இணைச்சு வையுங்க.

நினைவூட்டலைப் போன்லயே பதிஞ்சு வையுங்க, நெட் இல்லாமலும் அடிக்கும். நேரம் மாறினா பழசை நீக்கிட்டுப் புதுசு போடணும். ஆண்ட்ராய்டு 13ல இருந்து நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேக்கணும். ரெண்டு தடவ மறுத்துட்டா சிஸ்டம் திரும்பக் கேக்க விடாது. அதனால திறந்ததும் கேக்காதீங்க. 'நினைவூட்டு' தட்டும்போது கேளுங்க.

[திரையில்: சோதனை.]

மண்டபத்துலயே, நெட்டை நிறுத்தின பழைய போன் ஒண்ணை ஒரு விவசாயி கையில குடுத்து, பதினொன்றரை மணி அமர்வைத் தேடச் சொல்லுங்க. பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்காதீங்க. எந்த இடத்துல விரல் தயங்குதோ அதை முதல்ல சரி பண்ணுங்க. பிளே ஸ்டோர் பரிசீலனைக்கு ஒரு வாரம்கூட ஆகலாம், அந்தக் கணக்கையும் வெச்சுப் பதிப்பை முன்னாடியே அனுப்பிடுங்க.